பழி அஞ்சிய மதுரை

தமிழில் 'பழி' என்னும் சொல் வியப்புக்குரியது. குற்றம் செய்தவனைப் பற்றி நிற்கும் மாசுக்கும் பழி என்று பெயர். அக்குற்றத்துக்கு ஆளானவர் திருப்பிச் செய்யும் கொடுமைக்கும் பழி என்றே பெயர். முன்னதற்கு அஞ்சுகிறோம், பின்னதை வாங்குகிறோம். பழி அஞ்சுதல், பழி வாங்குதல் என்னும் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவு யாது? அஞ்ச வேண்டியவர் அஞ்சாதபோதுதான் வாங்க வேண்டியவர் எழுகிறார் என்பது நம் முன்னோர் கண்ட விடை. அவ்விடையை மதுரை மாநகரின் பழங்கதைகளைக் கொண்டு ஆராய்வதே என் பேச்சின் நோக்கம்.

இந்நாளில் மாணவர் பலர் கொரிய நாட்டுப் பேய்ப்படங்களை விரும்பிக் காண்கின்றனர். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் குறும்படங்களும் கைப்பேசித் திரையில் அவர்களைத் தேடி வருகின்றன. அவற்றுள் பலவற்றுக்கு அடிப்படை ஒன்றே. வெள்ளுடை உடுத்துக் கூந்தலை விரித்துப்போட்ட பெண்ணொருத்தியின் ஆவி, தன்னைக் கெடுத்தவரைத் தேடி வருகிறது, பழி முடிகிறது, படமும் முடிகிறது. பார்ப்பவர் அஞ்சுகின்றனர். ஆனால், அந்த ஆவி எதற்காக வந்தது என்று கேட்பவர் சிலரே. கேட்டால், அச்சத்தைவிடப் பெரிய செய்தியொன்று அங்கே கிடைக்கும்.

அந்நாட்டுப் பழங்கதை ஒன்றைக் காண்போம். ஜாங்ஹ்வா, ஹொங்ரியோன் என்பார் உடன்பிறந்த பெண்கள் இருவர். அப்பெயர்களுக்கு ரோஜா, செந்தாமரை என்று பொருள். அவர்களுடைய மாற்றாந்தாய் ஓர் எலியின் தோலை உரித்துப் படுக்கையில் இட்டு, மூத்தவள் கருவைச் சிதைத்தாள் என்று பழி சுமத்துகிறாள். தந்தை ஆராயாது நம்புகிறான். மூத்தவள் குளத்தில் தள்ளப்பட்டு இறக்கிறாள். இளையவளும் அதே நீரில் உயிர் விடுகிறாள். இருவரும் ஆவியாகி, அவ்வூர் நடுவரிடம் முறையிட வருகின்றனர். வந்த நடுவர்கள் ஒருவர்பின் ஒருவராக அச்சத்தால் இறக்கின்றனர். இறுதியில் வந்த ஒருவர் மட்டும் அஞ்சாது அமர்ந்து, வந்தவர் சொல்லைச் செவிமடுக்கிறார்.

அவரும் முதலில் ஏமாறுகிறார். மாற்றாந்தாய் சான்றுப் பொருளைக் கொண்டுவந்து காட்டியதும் அதை நம்பிவிடுகிறார். அப்பெண்கள் மீண்டும் வந்து, அப்பொருளை அறுத்துப் பார்க்குமாறு வேண்டுகின்றனர். அறுத்தால் உள்ளே எலியின் எச்சம் இருக்கிறது. உண்மை வெளிப்படுகிறது, குற்றவாளி தண்டிக்கப்படுகிறாள், ஆவிகள் அமைதி அடைகின்றன. ஹ்யோஜோங் மன்னர் காலத்தில், அதாவது 1649-க்கும் 1659-க்கும் இடையே, சியோல்சான் என்னும் ஊரில் நிகழ்ந்ததாக வழங்கும் இக்கதை 1924-இல் திரைப்படமாயிற்று. 2003-இல் கிம் ஜீ-ஊன் என்னும் இயக்குநர் இதனை அடிப்படையாகக் கொண்டு எடுத்த படம் உலகெங்கும் பேசப்பட்டது. மிர்யாங் என்னும் ஊரிலும் இதனை ஒத்த கதை உண்டு. கொலையுண்ட ஆராங் என்னும் கன்னியும் நடுவரிடமே முறையிட வருகிறாள். அவளுக்கு அங்கே ஆற்றங்கரையில் ஒரு சிறு கோயிலும் இருக்கிறது.

இக்கதைகளின் ஆவி கொலைக்கருவியைத் தேடி வரவில்லை. நீதிமன்றத்தைத் தேடி வருகிறது. உயிரோடு இருந்தபோது கேட்கப்படாத வழக்கை, இறந்த பின்னர் நடத்த வருகிறது. சான்றை அறுத்துப் பார்க்கும் நடுவர் ஒருவர் கிடைத்தவுடன் பழியும் அடங்கிவிடுகிறது. இதை நினைவில் இருத்திக்கொண்டு வைகைக் கரைக்குத் திரும்புவோம்.

மதுரையின் பழிக்கதை என்றால் கண்ணகி கதையே. உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அச்சில் வெளியிட்டார். 1942-இல் 'கண்ணகி' என்றும், 1964-இல் 'பூம்புகார்' என்றும் அக்கதை திரையில் வந்து பொதுமக்கள் உள்ளத்தில் மேலும் பதிந்தது. கதையை நீங்கள் அறிவீர்கள். ஆதலின் அதனை முழுதும் சொல்லாது, கோவலன் மீது சுமத்தப்பட்ட குற்றம் எவ்வாறு ஆராயப்பட்டது என்பதை மட்டும், ஒரு வழக்கறிஞர் வழக்கேட்டைப் புரட்டுவதுபோல, படிப்படியாகப் பார்ப்போம்.

பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்துவிட்டு, விற்க வந்த கோவலன்மேல் அக்குற்றத்தை ஏற்றுகிறான். குற்றம் சாட்டுபவன் அவன் ஒருவனே. வேறு சாட்சி இல்லை. அவன் சென்ற வேளையோ, அரசன் ஊடல்கொண்ட தேவியைத் தேற்ற அவளுடைய இருக்கைக்கு விரைந்துகொண்டிருந்த வேளை. மன்னன் அவையில் அமரவில்லை, அமைச்சரை அழைக்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டவனைக் காணவும் இல்லை. ஊர்காப்பாளரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருப்பின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணருமாறு நடந்தபடியே ஆணையிட்டான்.

இங்கே இளங்கோவடிகள் ஒரு நுட்பமான காட்சியை அமைத்திருக்கிறார். கோவலனைக் கண்ட காவலருக்கு ஐயம் எழுகிறது. இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லை என்கின்றனர். நீதி பிழைக்க அதுவே இறுதி வாய்ப்பு. உடனே பொற்கொல்லன், மந்திரம் முதல் கருவி ஈறாகக் கள்வர் கையாளும் 8 துணைகளையும் அடுக்கி ஒரு பெரிய விளக்கவுரை நிகழ்த்துகிறான். கள்வன் கள்வனைப்போலத் தோன்றமாட்டான் என்பதே அவ்வுரையின் சாரம். அவன் பேச்சில் ஒரு சான்றும் இல்லை. ஆனால் கல்வியின் பகட்டு இருந்தது. காவலர் மயங்கி நின்றனர். அந்த மயக்கத்தினிடையே கல்லாத ஒருவன் வாளை வீசிவிட்டான்.

ஆக, ஒரு மனிதனின் உயிர் நான்கு படிகளில் போயிற்று: பொய் சொன்னவன் ஒருவன், விரைந்தவன் ஒருவன், ஐயம் கொண்டும் வாய்மூடி நின்றவர் பலர், எண்ணாமல் வெட்டியவன் ஒருவன். இவர்களுள் முதல்வனைத் தவிர ஏனையோர் கொடியவர் அல்லர். கொடியவர் அல்லாதாரும் கூடி ஒரு கொலையைச் செய்ய முடியும் என்பதைக் காட்டுவதனால்தான் இக்கதை நம்மை நடுங்கச் செய்கிறது.

அடுத்துக் கண்ணகி வருகிறாள். அவள் பேயல்லள், உயிருள்ள பெண். ஆயினும் விரித்த கூந்தலும், நீர் சொரியும் கண்களும், கையில் ஒற்றைச் சிலம்புமாக அவள் வாயிலில் நின்ற தோற்றத்தை வாயிற்காவலன் தெய்வங்களோடு ஒப்பிட்டு அஞ்சிச் சொல்கிறான். பாண்டியன் அஞ்சி வாயிலை அடைக்கவில்லை, வரவிடு என்றான். அவனைப் பற்றி நாம் எண்ணும்போது இச்செய்தியையும் எண்ண வேண்டும். கண்ணகி முதலில் கேட்டது பழியன்று, விசாரணை. அரசியின் சிலம்பில் முத்து. என் சிலம்பில் மாணிக்கம் என்றாள். சிலம்பு உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது. கொரிய நாட்டு நடுவர் சான்றை அறுத்துப் பார்த்தார். மதுரை அவையில் சான்று உடைத்துப் பார்க்கப்பட்டது. இரண்டு நாடுகளும் ஒன்றை ஒன்று கண்டு எழுதியவை அல்ல. ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே நீதி என்பதை மனித இனம் எங்கும் உணர்ந்திருக்கிறது. மதுரையில் அந்தச் சோதனை ஒரு நாள் முந்தி நடந்திருக்க வேண்டும், அவ்வளவே வேறுபாடு.

தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு பாண்டியன் உயிர் நீத்தான்; கோப்பெருந்தேவியும் உயிர் நீத்தாள். வழக்கு அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் முடியவில்லை. கண்ணகி நகரை மும்முறை வலம் வந்து, தன் இடமுலையைத் திருகி எறிந்து, நகரத்தை எரித்தாள். அந்தணர், அறவோர், ஆனினம், பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயோரையே பற்றுமாறு தீக்கடவுளுக்கு ஆணையிட்டாள் என்று காப்பியம் கூறுகிறது. பழி வாங்கும்போதும் ஓர் எல்லை வேண்டும் என்று அவள் கருதியதை இது காட்டும். எனினும் எரிந்தது நகரம். தீர்ப்பு வந்த பின்னரும் தீ எதற்கு என்று நாம் கேட்கலாம், கேட்பது பிழையன்று. அக்கேள்வியை மதுரையின் காவல் தெய்வமே கேட்பதாக இளங்கோவடிகள் பாடியிருக்கிறார்.

மதுராபதி என்னும் அத்தெய்வம் கண்ணகியின் முன்னே வர அஞ்சிப் பின்னே வந்து பேசுகிறது. பாண்டியர் முறை தவறாதவர் என்று காட்ட அது கூறும் கதைகளுள் ஒன்று, மாணவர்கள் தனியே குறித்துக்கொள்ளத்தக்கது. இன்று சிவகாசிக்கு அருகே உள்ள திருத்தங்காலில் வார்த்திகன் என்னும் அந்தணன் வாழ்ந்தான். அவனுடைய சிறுவனுக்கு வழிப்போக்கர் ஒருவர் அணிகலன் பரிசளித்தார். புதிய அணியைக் கண்ட அரச ஊழியர், புதையல் எடுத்து மறைத்தான் என்று வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். அப்போது கொற்றவை கோயிலின் கதவு திறவாமல் நின்றது. செய்தி கேட்ட பாண்டியன், என் ஆட்சியில் எங்கே முறை பிழைத்தது என்று ஆராய்ந்தான், உண்மை அறிந்தான், வார்த்திகனை விடுவித்து, ஊர்களை வழங்கி, அவன் முன் நிலத்தில் விழுந்து வணங்கினான். கதவும் திறந்தது.

கோவலன் கதையும் வார்த்திகன் கதையும் ஒரே வகையின. இரண்டிலும் ஓர் அணிகலன். பொய்யான திருட்டுக் குற்றம். அழுது நிற்கும் மனைவி. ஒன்றில் அரசன் ஆராய்ந்தான், கதவு திறந்தது. மற்றொன்றில் ஆராயவில்லை, நகரம் எரிந்தது. இவ்விரு கதைகளையும் ஒரே நூலில் வைத்ததனாலேயே சிலப்பதிகாரம் வெறும் பழிக்கதையாகாமல் அரசியல் நூலாகவும் நிற்கிறது என்பது என் கருத்து.

அதே தெய்வம் இன்னொரு கதையையும் சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயரோடு கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அரச ஊழியனாக இருந்தான். வணிகம் செய்ய வந்த சங்கமன் என்பவனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி, 14 நாள் தெருவிலும் மன்றத்திலும் முறையிட்டு அலைந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. மலையேறி வீழ்ந்து சாவதற்கு முன் சாபமிட்டாள். கண்ணகியும் மதுரையை விட்டு நீங்கிய 14-ஆம் நாளில் மலைமீதிருந்து விண்ணேறினாள். கண்ணகியின் துயரம் மற்றொரு பெண்ணின் கேட்கப்படாத வழக்கிலிருந்து பிறந்தது என்று காப்பியம் சொல்கிறது. ஒருவர் கேளாது விட்ட முறையீடு மறைந்து போவதில்லை. வேறோர் ஊரில், வேறொருவர் தலையில் வந்து விழுகிறது.

நீலி என்னும் பெயர் தமிழர் பழிக்கதைகளில் மீண்டும் வருகிறது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், கணவனால் கொலையுண்ட பெண் மறுபிறப்பில் அவனைத் தொடர்ந்து வந்து பழிவாங்கிய கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பேயுருவான நீலி, கையில் ஒரு குழந்தையோடு வேளாளர் மன்றத்தில் நின்று, இவன் என் கணவன் என்றாள். குழந்தையும் அவனைத் தந்தை என்று அழைத்தது. அதனையே சான்றாகக் கொண்டு மன்றத்தார் 70 பேரும், அஞ்சி நடுங்கிய வணிகனை அவளோடு அனுப்பினர். அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக வைத்தனர். அவன் மாண்டான், சொன்ன சொல் தவறாது அவர்களும் மாண்டனர். அவர்களுடைய வாய்மை போற்றத்தக்கது. ஆனால், வாய்மை மட்டும் போதாது. ஆராய்ச்சியும் வேண்டும் என்பதையும் அக்கதை உணர்த்துகிறது.

இனி, மதுரைக் கதையின் மிகக் கொடிய பகுதிக்கு வருகிறேன். இது மேடைகளில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. நகரம் எரிந்த பின்னர்ப் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினத்தைத் தணிக்க எண்ணிப் பொற்கொல்லர் 1,000 பேரை ஒரே நாளில் பலியிட்டான். அதன்பின் மழை பெய்தது என்று நூல் கூறுகிறது. பொய் சொன்னவன் ஒருவன். மாண்டவர் 1,000 பேர். அவர்களுள் எவரும் விசாரிக்கப்படவில்லை. ஒருவனைப் பிழையாகக் கொன்ற குற்றத்துக்குக் கழுவாயாக, ஒரு தொழில் செய்த குற்றத்துக்காக ஆயிரவரைக் கொன்றனர். அவர்களுடைய மனைவியர் எந்த வாயிலில் சென்று சிலம்பை உடைத்தனர் என்று கேட்பார் இல்லை. பழி வாங்குதல் நீதியின் இடத்தில் அமரும்போது என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

இவையெல்லாம் வரலாறா என்று நீங்கள் கேட்கக் கூடும். மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பெயர் காணப்படுகிறது. ஆகவே அப்பெயர் பாண்டியர் வழக்கில் இருந்தது உறுதி. அதைக்கொண்டு கல்வெட்டு மன்னனும் காப்பிய மன்னனும் ஒருவனே என்று சொல்லிவிடல் ஆகாது. சிலப்பதிகாரத்தின் காலத்தைப் பற்றியும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், ஒரு கதை நிகழ்ந்ததா என்பது மட்டும் வரலாறு அன்று. ஒரு சமுதாயம் அக்கதையை ஏன் மறவாது காத்தது என்பதும் வரலாறே. மதுரைக்கு வடக்கே அழகர்கோயில் சாலையிலுள்ள கடச்சனேந்தலில், கண்ணகியும் கோவலனும் தங்கிய இடம் இது என்று சொல்லும் வழக்கு உண்டு. பழங்காநத்தத்தை அடுத்த திடல் ஒன்றுக்குக் கோவலன் பொட்டல் என்றே பெயர். ஒரு நகரம் தன் தவற்றைத் தன் நிலத்தின்மேல் பெயராக எழுதி வைத்திருக்கிறது.

அத்துடன் மக்கள் இன்னொன்றும் செய்தனர். ஆராயாமல் கொல்லப்பட்டவரையும், அதனால் துயருற்றவரையும் அவர்கள் தெய்வமாக்கினர். மதுரைச் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்குச் சிலை உண்டு. மேற்கே, தமிழகமும் கேரளமும் கூடும் மலையுச்சியில் மங்கலதேவி கோயிலுக்கு ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவன்று மக்கள் ஏறிச் செல்கின்றனர். கடல் கடந்த ஈழத்தில் வற்றாப்பளையிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் வைகாசித் திங்களில் கண்ணகிக்கு விழா எடுக்கின்றனர். மட்டக்களப்பில் அவ்விழாவின் நிறைவான சடங்குக்குக் 'குளிர்த்தி' என்று பெயர். எரிந்த உள்ளத்தைக் குளிரச் செய்தல் என்பது எத்துணை அழகிய கருத்து! ஆயிரவரைப் பலியிட்ட அரசனைவிட, நீர் சொரிந்து குளிர்விக்கும் சிற்றூர் மக்கள் கண்ணகியை நன்கு உணர்ந்தவர்கள்.

மதுரை வீரன் வரலாறும் இவ்வகையினதே. திருமலை நாயக்கர் ஆட்சியில், அரசரின் ஐயத்துக்கு ஆளாகி மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட அவ்வீரனை, மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே மக்கள் இன்றும் வழிபடுகின்றனர். அவன் கதை 1956-இல் படமாகிப் பெரும்புகழ் பெற்றது. திருமலை நாயக்கர் ஆண்ட காலம் 1623 முதல் 1659 வரை. நான் முதலில் சொன்ன கொரிய மன்னரின் ஆட்சி முடிந்ததும் அதே 1659-இல்தான். கடல்கள் பல இடையிட்ட இரண்டு நாடுகளில், ஏறத்தாழ ஒரே காலத்தின்மேல் ஏற்றி, நீதி கிட்டாமல் இறந்தவர் கதையை மக்கள் சொல்லிவந்தனர்.

இறுதியாக, மதுரை தன் பழங்குற்றத்துக்குத் தானே கண்ட மருந்தைக் கூறி முடிக்கிறேன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'பழியஞ்சின படலம்' என்று ஒரு பகுதி உண்டு. மதுரைக்கு வந்துகொண்டிருந்த அந்தணன் ஒருவன், மனைவியையும் குழந்தையையும் ஆலமர நிழலில் விட்டு நீர் தேடிச் சென்றான். முன்னொரு நாள் எவனோ எய்து, மரத்தில் சிக்கிக் கிடந்த அம்பு, காற்றில் ஆடி அவள்மேல் வீழ்ந்தது, அவள் இறந்தாள். அம்மரத்தின் மறுபுறம் வேடன் ஒருவன் வில்லோடு இளைப்பாறிக்கொண்டிருந்தான். பிணம் இங்கே, வில்லாளி அங்கே. வேறு சான்று என்ன வேண்டும்? அந்தணன் அவனைப் பாண்டியன் முன் இழுத்து வந்தான். துன்புறுத்திக் கேட்டும் வேடன் தான் அறியேன் என்றே சொன்னான்.

பாண்டியனுக்கு ஐயம் எழுந்தது. இப்போது அவன் அந்த ஐயத்தைப் போற்றினான். தீர்ப்பை நிறுத்தி வைத்தான். உண்மையை எனக்கு உணர்த்த வேண்டும் என்று சோமசுந்தரக் கடவுளிடம் முறையிட்டான். இறைவன் ஆணைப்படி வணிகர் வீதியில் நடந்த திருமண வீடொன்றுக்கு அந்தணனோடு சென்று, அங்கே எமதூதர் இருவர் பேசியதைக் கேட்டு, அம்பு வீழ்ந்த உண்மையை அறிந்தான். வேடனை விடுவித்து அவனிடம் பொறுத்தருள வேண்டினான். எமதூதர் பேச்சு புராணத்துக்கு உரியது. அதை ஒதுக்கிவிட்டாலும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் எளிய வேடன், சாட்டியவன் அந்தணன், சூழ்நிலை முழுதும் வேடனுக்கு எதிரானது. அவ்வாறிருந்தும் அரசன் விரையவில்லை. முன்னொரு பாண்டியன் நடந்தபடியே தீர்ப்புச் சொன்ன நகரில், பின்னொரு பாண்டியன் நின்று ஆராய்ந்தான் என்று புராணம் பாடுகிறது. அந்த நகரத்து இறைவனுக்கே 'பழியஞ்சிய நாதர்' என்று பெயர் அமைந்துவிட்டது.

மாணவர்களே, அடுத்த முறை நீங்கள் ஒரு பேய்ப்படத்தைக் காணும்போது, அது கொரிய நாட்டதாயினும் நம் நாட்டதாயினும், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆவி உயிரோடிருந்தபோது யாரிடம் முறையிட்டது? அவர் ஏன் கேட்கவில்லை? இவ்விரண்டுக்கும் விடை தேடினால், திரையில் ஓடுவது ஒரு சமுதாயத்தின் நீதி வரலாறு என்பது விளங்கும். 2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் கிளையொன்று மதுரையில் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களின் மக்கள் நாள்தோறும் மனுக்களோடு அங்கே வருகின்றனர். அவர்கள் கையில் உள்ள ஒவ்வொரு மனுவும் ஒற்றைச் சிலம்பு போன்றது. அதை உடைத்து உள்ளே பார்க்கும் பொறுமை இருக்கும் வரையில் எந்த நகரமும் எரிய வேண்டியதில்லை.